கொங்குப் பிராட்டியார் மறந்த வார்த்தை

ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரா ப்ரபாவங்களில் வரும் ஐதிஹ்யங்களுள் உபந்யாஸகர்களால் மிகுதியாக எடுக்கப்படுவனவற்றில் கொங்குப் பிராட்டியாரின் வ்ருத்தாந்தமும் ஒன்று. எடுக்கப்படும் ப்ரயோஜனம் பெரும்பாலும் இரண்டே. ஆசார்யன் திருவடிநிலைகளின் ஏற்றத்தைச் சொல்ல ஒன்று. கல்வியில்லாத ஸ்த்ரீயும் கடைத்தேறினாள் என்று காட்ட மற்றொன்று. இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டிலும் அந்த வ்ருத்தாந்தத்தின் நடுநாயகமான ஒரு செய்தி நழுவிப்போகிறது. அந்தப் பிராட்டியார் தமக்கு உபதேசிக்கப்பட்ட த்வயத்தை ஒருமுறை மறந்துபோனார் என்பதே அது.

வ்ருத்தாந்தம் ப்ரஸித்தம், ஆயினும் சொல்லப்பட்ட வரிசை முக்கியமாகையால் சுருக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் மழை பொய்த்து வறட்சி உண்டானபோது ஒரு ப்ராஹ்மணரும் அவர் தேவிகளும் பிழைப்புத் தேடித் திருவரங்கம் சேர்ந்தார்கள். எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது பெரியோர் பலரும் தெருவிலே அவர் திருவடிகளில் தண்டன் ஸமர்ப்பிப்பதை அந்த அம்மையார் கண்டார். பிக்ஷை ஏற்பவர் காலில் செல்வர்கள் விழுவானேன் என்று அவரிடமே நேரில் கேட்டார். பகவத் விஷயமாகச் சில வார்த்தைகள் அவர்களுக்குச் சொன்னோம் என்பது உடையவர் ஸாதித்த விடை. அந்த வார்த்தைகளைத் தமக்கும் அருளவேண்டும் என்று ப்ரார்த்தித்து த்வயோபதேசம் பெற்றார். பின்பு கொங்கிலே மழை பெய்தது என்று கேட்டு ஊர் திரும்பும் ஸமயத்தில், உபதேசித்தது மறந்துபோயிற்று என்று மீண்டும் வந்து நின்றார். உடையவர் மறுபடியும் த்வயத்தை அருளிச்செய்து, தம்முடைய திருவடிநிலைகளையும் கொடுத்தனுப்பினார்.

பிற்காலத்தில் சோழனுடைய உபத்ரவம் நேர்ந்து, கூரத்தாழ்வான் உடையவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாங்கி ராஜ ஸபைக்குச் செல்ல, உடையவர் வெள்ளை ஸாத்தி மேற்கே எழுந்தருளினார். நீலகிரிச் சாரலிலே நல்லான் சக்கரவர்த்தியின் ஸம்பந்தம் பெற்ற வேடுவர்கள் உபசரித்து, மேலே வழிகாட்டிவிட்டார்கள். அந்த வழியில்தான் கொங்குப் பிராட்டியாரின் திருமாளிகை வந்தது.

அங்கே நடந்தவை கவனிக்கத் தக்கவை. உடன் வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் அறியாத இல்லத்தில் அமுது செய்யத் தயங்கினார்கள். பிராட்டியார் தாம் எம்பெருமானார் திருவடி ஸம்பந்தம் உடையவர் என்று விண்ணப்பித்தார். ஆகில் அவர் சொன்ன வார்த்தை எது என்று கேட்க, த்வயத்தைச் சொன்னார். அவ்வளவில் நிற்காமல், அவர் உள்ளே என்ன செய்கிறார் என்று பார்த்துவர ஒருவரை நியமித்தார் உடையவர். தளிகை ஆனபின் பிராட்டியார் தூய வஸ்த்ரம் உடுத்து, கோயிலாழ்வார் இருந்த அறைக்குள் புகுந்து, அங்கே ஏளப்பண்ணியிருந்த திருவடிநிலைகளின் முன்பு த்வயத்தை அனுஸந்தித்து அமுது ஸமர்ப்பித்தார் என்று அவர் வந்து சொன்னார். பிராட்டியாரும் தம் பங்குக்கு விளக்கை ஏற்றிப் பார்த்து, திருவடிகள் எம்பெருமானார் திருவடிகளைப் போலவே இருக்கின்றன, வெள்ளை ஸாத்தியிருப்பதால் நிச்சயிக்க முடியவில்லை என்றார்.

இங்கே இக்காலத்து உரையாளர் சிலர் ஒரு சமாதானத்தை நுழைக்கிறார்கள். உடையவருக்கு எல்லாம் முன்பே தெரியும். பிராட்டியாரின் பெருமையை உலகறியச் செய்யவே தெரியாதவர்போல் பரீக்ஷித்தார் என்பது அது. பக்தியால் சொல்லப்படுவதாயினும் இது வ்ருத்தாந்தத்தின் உயிரை வாங்கிவிடுகிறது. உயிருக்கு அபாயமான காலம். தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ள முடியாத வேஷம். சொல்லும் வார்த்தையை நம்பலாமா என்று அறியாத இல்லம். ஆசார்யனை அடையாளம் காட்டக் காஷாயமில்லை, த்ரிதண்டமில்லை. சிஷ்யையை அடையாளம் காட்ட வித்யையில்லை, ஊரில் சாட்சியில்லை. அப்போது ஒருபக்கம் திருவடியும் மறுபக்கம் அனுஷ்டானமுமே ப்ரமாணங்களாக நின்றன. இருவரும் உண்மையாகவே அறியாமல் தேடினார்கள் என்று கொண்டால்தான் இந்தப் பரீக்ஷைக்குப் பொருள் உண்டு.

பரீக்ஷை இரண்டு படியாக நடந்ததும் நோக்கத்தக்கது. முதலில் உக்தி, பிறகு அனுஷ்டானம். த்வயத்தைச் சொன்னதே போதும் என்று உடையவர் இருந்துவிடவில்லை. மந்த்ரம் தெரிந்திருப்பது வேறு, அது அன்றாடம் அடுப்பங்கரையிலிருந்து திருவாராதன அறை வரைக்கும் உடன் நடப்பது வேறு. இரண்டாவது இருந்தால் முதலாவது மறக்காது. ஒருமுறை மறந்த பிராட்டியார் இரண்டாம் முறை மறக்காமைக்குக் காரணம் அவருடைய நினைவாற்றல் என்று நினைக்க இடமில்லை. நாள்தோறும் சோறு வடித்ததும் ஒரு நியமம் இருந்தது, அந்த நியமத்துக்குள் த்வயம் இருந்தது. திருவடிநிலைகளை உடையவர் கொடுத்ததும் அதற்காகவே என்று கொள்வது பொருந்தும். வார்த்தையை மட்டும் கொடுத்தால் மறுபடி மறக்கும். வார்த்தையைச் சொல்ல ஒரு வேளையும் ஒரு இடமும் வேண்டும். (கோயில்களில் உடையவர் திருவடிநிலைகளுக்கு முதலியாண்டான் என்று திருநாமம் வழங்குவதை நினைத்தால், அந்தக் கொங்கு வீட்டில் தினமும் எழுந்தருளியிருந்தவர் யார் என்பதும் ரஸிகர்களுக்கு விளங்கும்.)

இந்த இடத்தை சரணாகதி கத்யத்தோடு சேர்த்துப் பார்ப்பவர் அரியர். அதில் பெரியபெருமாள் உடையவருக்கு இட்ட நியமனம் இரண்டு கூறுடையது. சரீரம் விழுமளவும் அர்த்தாநுஸந்தானத்தோடு த்வயத்தை எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும் என்பது ஒரு கூறு. இந்தத் திருவரங்கத்திலேயே ஸுகமாக இருக்கவேண்டும் என்பது மற்றது. சோழனுடைய கோபத்தால் இரண்டாவது கூறு தடைப்பட்டது. அரங்கத்தை விட்டு, காட்டிலே பட்டினி கிடந்து, வேடுவர் இட்ட தேனும் தினைமாவும் கொண்டு வந்தவருக்கு எஞ்சி நின்றது முதல் கூறு ஒன்றுதான். அந்நிலையில், முன்பின் அறியாத ஓர் இல்லத்தில், அந்த த்வயம் ஒரு ஸ்த்ரீயின் வாயிலிருந்து அவர் திருச்செவியில் விழுகிறது. உடையவர் திருவுள்ளம் உகந்தார் என்று குருபரம்பரை சொல்லும்போது, சிஷ்யை தேறினாள் என்ற உகப்பு மட்டுமே அதற்குப் பொருளாகக் கொள்வது போதாது. தாம் இருக்கமுடியாத அரங்கத்தின் நியமனம் தமக்கு முன்னே கொங்குக்கு வந்து காத்திருந்ததைக் கண்ட உகப்பு அது.

நித்யானுஷ்டானத்தைப் பற்றிய நூல்களின் நடுவே இந்த வ்ருத்தாந்தத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த விசாரம். எம்பெருமானார் அருளிய நவக்ரந்தங்களுள் நித்யம் ஒன்று. பரமைகாந்தியின் பகவதாராதன க்ரமத்தை மந்த்ராஸனம் தொடங்கிப் பர்யங்காஸனம் ஈறாக விரித்துச் சொல்வது. அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று பகலையும் இரவையும் ஐந்தாகப் பகுத்த பஞ்சகால முறையைத் தூப்புல் பிள்ளை ஸ்ரீபாஞ்சராத்ர ரக்ஷையில் நிலைநாட்டி, அதன் மூன்றாம் அதிகாரத்தில் நித்யங்களையும் வ்யாக்யானம் செய்தருளினார். மணவாளமாமுனிகளின் அன்றாட அனுஷ்டானத்தைக் கண்ணால் கண்டு எறும்பியப்பா அருளிய பூர்வ தினசர்யையும் உத்தர தினசர்யையும் மற்றொரு வழி. விதியாகச் சொல்லாமல் ஒரு மஹானின் நாளாகச் சொல்வது. அதிலும் மாமுனிகளின் திருவதரங்கள் த்வயாநுஸந்தானத்தால் இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்ததை எறும்பியப்பா தனியே எடுத்துக் காட்டுகிறார். ஜீயர் மடத்தில் பெருந்திரளின் நடுவே அசைந்த அந்த அதரமும், கொங்கு வீட்டின் அடுக்களையிலே அசைந்த அதரமும் சொன்னது ஒன்றே.

ஆகவே நித்ய க்ரந்தங்களைப் பெரிய வழி என்றும், பிராட்டியாருடையதை எளிய வழி என்றும் பிரித்து, எளியதை எளியோர்க்கு இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததாகப் பேசுவது பொருந்தாது. அங்கங்கள் விரிந்தும் சுருங்கியும் இருக்கலாம். ப்ரதானம் இரண்டிலும் ஒன்று. இதைக் கொண்டு, விதிக்கப்பட்டவர்கள் ஸந்த்யாவந்தனத்தையும் திருவாராதனத்தையும் விட்டுவிடலாமோ என்று கேட்பாருண்டு. இரு கலையாருக்கும் இதில் விவாதமில்லை. ப்ரபந்நனுக்கு அவை உபாயமல்ல. ஆயினும் ஆஜ்ஞையாகவும் கைங்கர்யமாகவும் செய்யத்தக்கவையே. பிராட்டியார் தமக்கு விதிக்கப்பட்டதில் எதையும் விட்டதாக வ்ருத்தாந்தம் சொல்லவில்லை. தமக்கு வாய்த்ததை ஒருநாளும் விடவில்லை என்றுதான் தோற்றுகிறது.

கொங்கு மண்டலத்தில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றும் இல்லை. ஆழ்வார்கள் மங்களாசாஸனம் பெற்ற ஸந்நிதியில்லாத நாட்டில், ஒரு ஜோடி திருவடிநிலைகளைக் கொண்டு ஒரு வீடு ஸந்நிதியாயிற்று என்பதை இந்நாட்டார் மறக்கலாகாது. காரமடை அரங்கநாதர் ஸந்நிதியில் மாசித் தேருக்குப் பந்தம் ஏந்தியும் தண்ணீர் சுமந்தும் சேவை செய்யும் தாஸர்களும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமமிட்ட சொம்புடன் கோவிந்த நாமம் சொல்லி அரிசி வாங்கிவந்து தளிகையிடும் குடும்பங்களும் அந்த வழியில் வந்தவர்களே. கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றிக் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் ஊர்களில், நீர் திறந்துவிட்ட இரவில் மடை மாற்ற மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவருக்குப் பஞ்சகாலத்தைப் பகுத்துக்கொடுப்பது அரிது. ஆயினும் அந்த வயலைக் கடந்த நீர்தான் பவானியோடு கூடுதுறையில் காவிரியைச் சேர்ந்து அரங்கத்தைச் சூழ்ந்து போகிறது.

இப்படிப்பட்ட இல்லங்களுக்கு இன்று எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் வருத்தம் இருக்கிறது. நித்ய பாராயணத்துக்கென்று அச்சாகிவரும் சிறு புத்தகங்கள் பல. இன்ன நோய்க்கு இன்ன ச்லோகம், விவாகத்துக்கு இது, வழக்கு ஜயிக்க இது, இத்தனை உரு என்று பட்டியல் போடுகின்றன. ப்ரயோஜனாந்தரத்தைக் கடிந்த ஸம்ப்ரதாயத்தின் பெயராலேயே சில வெளிவருகின்றன. பிராட்டியார் வறட்சியால் ஊரைவிட்டு வந்தவர்; பசி அறிந்தவர். அவர் உடையவரிடம் மழைக்கு ஒரு மந்த்ரம் கேட்கவில்லை. மழை பெய்து, ஊர் திரும்பும் வேளையில், குறை எதுவும் இல்லாதபோது, மறந்துபோன வார்த்தையைத்தான் கேட்டார். இந்த வ்ருத்தாந்தத்தைச் சொல்லும் வாயாலேயே பலச்ருதிப் பட்டியலையும் சொல்வது எப்படி என்று உபந்யாஸகர்கள் யோசிக்கவேண்டும்.

அதைவிட அவச்யமானது மற்றொன்று. ஆசார்யர்கள் ஸஞ்சாரமாக எழுந்தருளும்போது ஒரே நாளில் பலருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் ஆகிறது. தோளிலே சங்க சக்ர லாஞ்சனம் இருக்கிறது. செவியில் விழுந்த மந்த்ரமோ சில மாதங்களில் கலைந்துபோகிறது. முதல் பாதி நினைவிருக்கும், பின் பாதி மயங்கும். சிலருக்கு அதுவும் இல்லை. மறுமுறை ஆசார்யன் எழுந்தருளும்போது அவர்கள் தீர்த்தம் பெற்று ஒதுங்கிவிடுகிறார்கள். மறந்தோம் என்று சொல்லக் கூசுகிறார்கள். மறந்ததே ஓர் அபசாரம் என்று பயப்படுகிறார்கள். மடத்தைச் சேர்ந்தவர்களும் புதிதாகப் பெறுபவர்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள்.

குருபரம்பரையோ, பிராட்டியார் மறந்ததை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. உடையவர் கோபித்ததாகவோ ப்ராயச்சித்தம் விதித்ததாகவோ எழுதவில்லை. மீண்டும் அருளினார் என்றே எழுதியிருக்கிறது. எழுதியவர்களுக்கு அது குறையாகத் தோன்றியிருந்தால், ப்ரபாவம் சொல்லும் நூலில் அந்த ஒரு வரியை விட்டிருக்கமாட்டார்களா? கொங்குப் பகுதிக்கு எழுந்தருளும் ஆசார்ய புருஷர்கள் புதியவர்களுக்கு உபதேசம் ஆனபின், முன்பே பெற்று மறந்தவர்களுக்கென்று ஒரு வேளையைத் தனியே ஒதுக்கி, ஏகாந்தத்தில் மறுபடியும் ஸாதித்து, அதைத் தளிகை ஸமர்ப்பிக்கும் வேளையோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளும்படி நியமிக்கலாம். அதற்கு ப்ரமாணம் வேண்டுமென்றால் இந்தப் பிராட்டியாரின் வ்ருத்தாந்தமே போதும்.