கோப்பையில் ஏறாத எழுத்து

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையின் விற்பனைக் கூடத்திலே றொசெற்றாக் கல் தேநீர்க் கோப்பையாகவும், குடையாகவும், சிறுவர்க்கான புதிர்ப்படமாகவும் உருமாறி விலைப்படுகின்றது. பண்டை வரலாற்றைச் சாதாரண மக்களின் கைக்கும் எட்டச் செய்யும் முயற்சியை நாம் வெறுப்பவரல்லர். எட்டுவது எது என்பதே எமது வினா.

கல்லின் முகப்பிலே சித்திர எழுத்து, எகிப்தியரின் அன்றாட வழக்கெழுத்து, கிரேக்கம் ஆகிய மூன்றும் உள. கோப்பையில் அச்சேறுவன இவையே. அதுவும் வெறும் அழகுக் கோலமாக. உண்மையில் அது, கி.மு. 196இல் ஐந்தாம் தொலமி மன்னனைப் போற்றிப் பூசகர் வெளியிட்ட ஆணை. கோயில்களுக்கு அவன் அளித்த வரிச்சலுகையையும், கலகஞ் செய்தோரைக் கொன்றொழித்ததையும் அது புகழ்ந்துரைக்கின்றது. கொல்லப்பட்டோர் யாவர், ஏன் கிளர்ந்தனர் என்று கேட்கும் மாணவனுக்கு அப்புதிர்ப்படம் என்ன விடை தரும்?

கல்லின் பக்கங்களிலோ நான்காவது எழுத்தொன்றும் உண்டு. அது ஆங்கிலம். 1801இல் பிரித்தானியப் படை எகிப்திலே கைப்பற்றியது என ஒருபுறமும், மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் வழங்கியது என மறுபுறமும் தீட்டி வைத்தனர். 1799இல் அதைக் கண்டெடுத்த பிரெஞ்சுப் படையினரிடமிருந்து பெற்ற வெற்றிப் பொருள் என்பதை அன்றைய ஆட்சியாளர் ஒளிக்கவில்லை. (அவ்வளவில் அவர்கள் நேர்மையாளரே!) கடைப்பொருளோ பெரும்பாலும் முகப்பைக் காட்டிப் பக்கங்களை மறந்துவிடுகின்றது. எகிப்திய அறிஞர் 2022இலும் கல்லைத் திருப்பிக் கேட்டனர். கோப்பையின் கைப்பிடி ஓரத்தில் அந்த ஆங்கில வாசகத்துக்குத் தாராளமாக இடமுண்டு.