இசை வந்து நிற்கும் இடம்

மாணவர் குறும்படத்தில் சோகக் காட்சி வந்தால் அடுத்து என்ன கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ, அதன்மேல் மெல்ல எழும் வயலின். நடிகரின் கண் கலங்குமுன்பே இசை அழத் தொடங்கிவிடும். அது எடுபடாதபோது வேறொரு துண்டைத் தேடுகிறார்கள், அதுவும் எடுபடுவதில்லை. இசை வருவதற்கு முன்பு அந்தக் காட்சியில் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று யாரும் யோசித்திருப்பதில்லை. நம்மை உலுக்கிய படங்களைக் கவனித்துக் கேட்டால், அவற்றில் இசை ஏதோ ஓர் ஒலியின் இடத்தை எடுத்துக்கொண்டே உள்ளே வருகிறது. பத்து நிமிடப் படத்துக்கு இது இன்னும் அவசியம். கதாபாத்திரத்தோடு பழக அங்கே பார்வையாளருக்கு நேரமில்லை. காது வழியாகத்தான் அவர் சீக்கிரம் அந்த வீட்டுக்குள் குடிபுக முடியும்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) இதற்கு நல்ல சான்று. மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஹரிஹர் ஊர் திரும்புகிறான். மனைவி சர்வஜயா வாய் திறப்பதில்லை. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே, வாங்கி வந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். கடைசியில் துர்காவுக்கென்று ஒரு புடவை. அதைக் கையில் வாங்கியதும் அவள் உடைந்துபோகிறாள். வாய் அழுகிறது, குரல் கேட்பதில்லை. ராய் அந்தக் குரலை எடுத்துவிட்டு, ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாயை உச்ச ஸ்தாயியில் ஒலிக்கவிட்டார். துயரக் காட்சிக்கு ஷெனாய் பொருந்தும் என்று இதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்கு முன் அவள் காத்த மௌனத்தையும் அவனுடைய அன்றாடப் பேச்சையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அழுகைச் சத்தத்தையும் வைத்து ஷெனாயையும் அதன்மேல் ஏற்றியிருந்தால் இரண்டுமே பலவீனப்பட்டிருக்கும்.

‘தி காட்ஃபாதர்’ (1972) உணவகக் கொலையில் இதன் மறுபக்கம் இருக்கிறது. மைக்கேல் சுடுவதற்கு முன் பின்னணி இசையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரயிலின் கிறீச்சிடல் மட்டும் அவன் முகத்தின்மேல் ஏறிக்கொண்டே போகிறது. துப்பாக்கியை அவன் கீழே போட்ட பிறகுதான் நீனோ ரோட்டாவின் இசை. அந்த ஒலியை வடிவமைத்த வால்டர் மர்ச், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். அதே பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் லூகாஸ் 1967இல் எடுத்த 15 நிமிட மாணவர் படத்தில், தப்பியோடும் மனிதனின் பீதியைக் கட்டுப்பாட்டு அறைக் குரல்களும் வானொலி இரைச்சலுமே பெரிதும் சுமக்கின்றன.

ரோமன் போலான்ஸ்கி போலந்தின் வூட்ஜ் திரைப்படப் பள்ளியில் படிக்கும்போது எடுத்த ‘இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்’ (1958) இந்த வாதத்துக்கு எதிராக நிற்பதுபோலத் தோன்றலாம். அதில் ஜாஸ் இசையமைப்பாளர் கொமெடாவின் இசை விடாமல் கூடவே வருகிறது. ஆனால் அந்தப் படத்தில் வசனமே இல்லை. பேச்சு காலிசெய்த இடத்தில்தான் ஜாஸ் குடியேறியிருக்கிறது. வசனம் நிறைந்த ஒரு படத்தில் அதே இசையை அப்படி ஓடவிட முடியாது.

தமிழ்ப் பார்வையாளர் இசையிலேயே வளர்ந்தவர், இசை குறைந்தால் படத்தோடு ஒட்டமாட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு இது சரியாகப் படவில்லை. பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) பாடலே இல்லாத படம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசை அதில் அளந்தே வருகிறது, படம் இன்றும் மனத்தைப் பிசைகிறது. பார்வையாளரின் பழக்கத்தைவிட நம் தயாரிப்புப் பழக்கமே இங்கே பெரிய தடை. தமிழ் சினிமா நெடுங்காலமாக டப்பிங்கை நம்பி வந்தது. ‘விருமாண்டி’ (2004) போல நேரடி ஒலிப்பதிவில் வந்த படங்கள் குறைவு. டப்பிங் செய்தால் படப்பிடிப்பு இடத்தின் சத்தம் முழுவதும் போய்விடும். பெரிய படங்களில் ஃபோலி கலைஞர்களும் எஃபெக்ட்ஸ் குழுவும் அதைத் திரும்பக் கட்டுகிறார்கள். மாணவர்கள் டப்பிங்கைப் பின்பற்றி, கட்டும் வேலையை விட்டுவிடுகிறார்கள். அதனால் விழும் ஓட்டையைத்தான் பியானோ அடைக்கிறது.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நல்ல மைக் வாடகைக்கு எடுப்பதே பலருக்குச் சிரமம். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்துகொள்ளச் செலவில்லை, கைப்பேசிகூடப் போதும். மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றிய படம் என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறியின் கடகடப்பு, பக்கத்து வீட்டு சீரியல், குக்கர் விசில் எல்லாம் முதல் நிமிடத்திலிருந்தே கேட்க வேண்டும். மின்சாரம் போய் விசிறியும் சீரியலும் நின்றால், அவள் தனிமையைச் சொல்ல வசனம் தேவைப்படாது. ஒரு வீணையோ புல்லாங்குழலோ வேண்டுமானால் அங்கே வரலாம். அதுவும் வேண்டுமா என்பதை, இசைத் தடத்தை முழுவதும் அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு எடிட்டிங் மேசையில் முடிவுசெய்துகொள்ளலாம்.