வாராத கச்சேரியும் வாய்த்த கச்சேரியும்: குழலிசைக் கலைஞர் மாலி பற்றிய ரசிகர் நினைவுகள்

கருநாடக இசை பற்றிய நினைவுப் பதிவுகளில் புல்லாங்குழல் கலைஞர் மாலி பெறும் இடம் தனித்தன்மை உடையது. பிற கலைஞரை நினைவுகூர்வோர் அவர்கள் இசைத்தவற்றைக் கூறுவர். மாலியை நினைவுகூர்வோர் அவர் இசைக்காதவற்றையும் கூறுவர். அறிவிக்கப்பட்ட நாளில் வாராமை, வந்தும் குழலைத் தொடாது நெடுநேரம் அமர்ந்திருத்தல், தொடங்கிய கச்சேரியைப் பாதியில் நிறுத்தி எழுதல் ஆகியன அவரைப் பற்றிய பேச்சில் தோடியும் கல்யாணியும் பெறும் அதே இடத்தைப் பெற்றுவிட்டன. டி. ஆர். மகாலிங்கம் என்னும் முழுப்பெயர் கொண்ட இவர் 1926ஆம் ஆண்டு திருவிடைமருதூரில் பிறந்து, 1933இல் சிறுவனாக மயிலாப்பூரில் அரங்கேறி, 1986இல் மறைந்தவர். அதே பெயருடைய நடிகரும், ஆனந்த விகடன் ஓவியர் மாலியும் வேறானோர். மாலியின் கச்சேரிகளைக் கேட்டோரும் கேட்கச் சென்று திரும்பியோரும் தம் பட்டறிவுகளை ஒப்பிட்டுப் பேசும் முறைமையையும், அம்முறைமை இசைவரலாற்று எழுத்துள் சான்றாக நுழைந்துவிட்டதால் நேர்ந்த இழப்பையும் ஆராய்வது இக்கட்டுரை.

ஒப்பீட்டின் இலக்கணம்

இரு ரசிகர் மாலியைப் பற்றி உரையாடுகையில் ஒருவர் தாம் கேட்ட அரிய கச்சேரியை விரித்துரைப்பார். மற்றவர் தாம் கேளாமல் திரும்பிய மாலைப்பொழுதை விரித்துரைப்பார். முன்னவரே பேறுபெற்றவர் எனக் கருதத் தோன்றும். உரையாடலின் போக்கோ வேறு. ஏமாந்து திரும்பியவரும் குறையாத பெருமிதத்தோடு பேசுகிறார். எத்தனை முறை ஏமாந்தார் என்னும் எண்ணிக்கை அவரது ரசனைக்குத் தகுதிச் சான்றாகிறது. பலமுறை சென்று ஒருமுறை மட்டும் கேட்டவர் இவ்வுரையாடலில் மிக உயர்ந்த இடத்தைப் பெறுகிறார். சென்றபோதெல்லாம் கேட்டவர் ஒருவர் இருப்பின், அவரிடம் சொல்வதற்குக் கதை இல்லை.

இக்கதைகளில் நிகழ்ச்சிகள் வேறுபடினும் வரிசை மாறுவதில்லை. முதலில் காத்திருப்பு, அதனைத் தொடர்ந்து அவையின் முணுமுணுப்பு, பின்னர் சிலர் எழுந்து செல்லல், ஈற்றில், எஞ்சியிருந்தோர்க்கு மட்டும் வாய்த்த சில நிமிட இசை. எழுந்து சென்றோர் இக்கதைகளில் முகமற்றவர். அவர்களது அவசரம் எஞ்சியோரின் பொறுமைக்கு விளக்கு ஏந்துவதற்காகவே கதையில் நிற்கிறது. அந்தச் சில நிமிடங்களில் எந்த இராகம், எந்தக் கீர்த்தனை, எவ்விடத்தில் நிரவல் என்னும் செய்திகள் பெரும்பாலும் மங்கலாகவே இருக்க, அன்று மழை பெய்தது என்பதும் கடைசிப் பேருந்து தவறியது என்பதும் தெளிவாக இருக்கின்றன. காத்திருப்பே நினைவில் பதிந்துள்ளது; இசை அக்காத்திருப்பின் பயனாகச் சுட்டப்படுகிறதேயன்றி விளக்கப்படுவதில்லை.

சான்று என்னும் நிலையில் இங்கு ஒரு குறைபாடு உண்டு. இருமுறை சீட்டு வாங்கி இருமுறையும் வெறுங்கையோடு திரும்பி, மூன்றாம் முறை செல்லாது விட்டவர் இத்தகைய உரையாடலில் கலந்துகொள்வதில்லை. அவர் நினைவுக் கட்டுரை எழுதுவதுமில்லை. கதை சொல்வோர் அனைவரும் இறுதிவரை நின்றோரே. வெள்ளத்தில் கரையேறியவரை மட்டும் வினவி ஆற்றின் ஆழத்தை அளந்தது போன்றதே இச்சான்று. பக்கவாத்தியக் கலைஞரின் நிலையும் இத்தகையதே. மைசூர் சௌடையா, பாலக்காடு மணி ஐயர் போன்ற பெருங்கலைஞர் மாலியோடு இசைத்த கச்சேரிகள் போற்றப்படுகின்றன. கச்சேரி பாதியில் நின்ற மாலைகளில் மிருதங்கத்தை உறையிலிட்டுக்கொண்டு எழுந்த இளங்கலைஞருக்கு அன்றைய சன்மானம் கிடைத்ததா என்னும் வினாவை எந்த ரசிகரும் எழுப்புவதில்லை.

கலைஞன் மறுத்தலை மேன்மையாகக் காணும் நோக்கு தமிழுக்குப் புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. பரிசில் நீட்டித்தபோது வாயில்காவலனை விளித்து ஔவையார் வெகுண்ட 206ஆம் பாடலும் இவ்வகையினதே. மாலி பற்றிய வியப்புக்குப் பின்னே இத்தொல்மரபின் நிழல் இருக்கலாம் எனக் கருதுவதில் தவறில்லை. ஆயினும் வேறுபாடு பெரிது. புலவர் தம் மறுப்புக்கான காரணத்தைத் தாமே மொழிந்தனர், அக்காரணமே பாடலாயிற்று. மாலியின் கதைகளில் காரணம் சொல்லப்படுவதில்லை. அவ்வெற்றிடத்தை ரசிகர் 'மேதைமை' என்னும் ஒரு சொல்லால் நிரப்பிக்கொள்கின்றனர்.

இருவகை எதிர்பாராமை

கருநாடக இசைக் கச்சேரியின் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரிப் பத்ததி, வர்ணம் முதல் மங்களம் வரை உருப்படிகளை ஒரு காலவரையறைக்குள் அடக்கியது. 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி போன்ற அமைப்புகளும் சபாக்களும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல், குறித்த நேரம், விலைச்சீட்டு என்பவற்றை வழக்கமாக்கின. அச்சிட்ட நேரம் இல்லாதவிடத்துத் தாமதம் என்பதும் இல்லை. திருவிழா இரவில் சுவாமி புறப்பாட்டோடு நான்கு வீதிகளிலும் விடியும்வரை வாசித்த நாகசுரக்காரரை நேரம் தவறியவர் என எவரும் குறைகூற இயலாது. ஆகவே, 'எப்போது என்ன செய்வார் எனத் தெரியாத கலைஞர்' என்னும் உருவம் சபா என்னும் நவீன நிறுவனத்தின் பின்விளைவு; விலைச்சீட்டின் பின்புறத்தில் எழுதப்பட்ட உருவம் அது.

இதே கச்சேரி வடிவம் தன்னுள் வேறொரு எதிர்பாராமையை வாக்களிக்கிறது. ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம் என்னும் மனோதர்மப் பகுதிகளில் அடுத்து வருவதை அவையினர் மட்டுமன்றி உடன் வாசிப்போரும் முன்னறிய மாட்டார். கேட்போர் பொருள் கொடுத்துப் பெற வருவது இதனையே. இவ்வகையில் மாலியின் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளில் சுரக்கோவை ஒன்று முடியுமிடம் என எண்ணிய இடத்தில் முடிவதில்லை. நீண்டதொரு மௌனம் இடையிடுகிறது. தாளத்தின் ஓட்டத்தைக் கையில் எண்ணிக்கொண்டிருக்கும் கேட்போன் வழிதவறிவிட்டதாகக் கருதும் கணத்தில் குழல் எடுப்பில் வந்து இறங்குகிறது. அம்மௌனத்துக்கும் அளவு உண்டு. அது தாளத்தால் அளக்கப்பட்ட மௌனம்.

ரசிகர் உரையாடல் செய்யும் பெரும்பிழை இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாகும். தாளத்தினுள் அமைந்த மௌனமும், மேடையேறி அரைமணிநேரம் வாளாவிருந்த மௌனமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன என அது கருதுகிறது. முன்னதை விளக்கப் பின்னதைத் துணைக்கழைக்கிறது. இதன் விளைவாக, பல்லாண்டு உழைப்பால் ஈட்டிய லயக்கட்டுப்பாடு மனப்போக்கின் விளையாட்டாகக் குறைந்துவிடுகிறது. உண்மையில் இரண்டும் எதிர்த்திசையின. எடுப்பில் தவறாது இறங்குவோன் கணக்கில் உறுதியுடையோன். மேடைக்கு வருவானா என்பது உறுதியற்றவனிடம் குலைந்திருப்பது அவ்வுறுதியே.

மாலி குழலிசைக்கு அளித்த கொடையைப் பற்றிய எழுத்து மெலிந்திருப்பதற்கும் இக்குழப்பம் ஒரு காரணம் எனலாம். சரப சாஸ்திரி, பல்லடம் சஞ்சீவ ராவ் ஆகியோர் வழியாகக் கச்சேரி மேடையில் நிலைபெற்றிருந்த குழலை மாலி வாய்ப்பாட்டின் கமகங்களைத் தாங்கும் கருவியாக மாற்றினார். குழலைப் பற்றும் விரல்நிலையையும், துளைகளை முழுதும் பகுதியும் மூடித் திறக்கும் முறையையும், இதழின் கோணத்தால் மூச்சைக் கட்டுப்படுத்தும் நுட்பத்தையும் அவர் மாற்றியமைத்தார். தோடியின் காந்தாரத்தை அசைத்து ஒலிப்பது துளைக்கருவிக்கு எத்துணை அரிது என்பதை எண்ணினால் இம்மாற்றத்தின் அளவு புலப்படும். முறையாகக் குழல் கற்பிக்கப்படாத சிறுவன் ஒருவன் கேள்வியாலேயே இதனை எய்தினான் என்பதும் ஆராயத்தக்கது. இவை குறித்து ஒரு பத்தி எழுதுவோர் அவர் வாராத கச்சேரிகள் குறித்து ஐந்து பத்தி எழுதுகின்றனர்.

மேடைக்கு வெளியிலான நிலையின்மைக்கு வேறு பெயர்கள் உண்டு. மதுப்பழக்கம் மாலியின் வாழ்க்கை வரலாற்றில் மறைவான செய்தியன்று. சிறுவயது முதலே மேடையில் வாழ்ந்த ஒருவர் மேடையை அஞ்சியும் வெறுத்தும் ஒதுங்கிய காலங்கள் உண்டு. ஒரு மனிதரின் துன்பத்தை வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரிக்கும் உரையாடல், தன்னை ரசனை என அழைத்துக்கொள்ளும்போது திறனாய்வு அதனை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முன்கோபம் எனப்பட்டது

மாலியின் கதைகளோடு எப்போதும் இணைத்துச் சொல்லப்படுபவை நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பற்றிய கதைகள். இருவரையும் 'எப்போது என்ன செய்வார் எனத் தெரியாதவர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்குவது ரசிகர் வழக்கு. இந்த இணைப்பே மிகுந்த தீங்கு செய்தது எனலாம். இராஜரத்தினம் பிள்ளையின் செயல்களாகப் பேசப்படுபவற்றுள் வாய்ப்பாட்டுக் கலைஞர் போன்று மேடையில் அமர்ந்து வாசித்தல், ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராச் சுருதியைக் கொள்ளுதல், தலைமுடியையும் உடையையும் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளுதல் ஆகியன அடங்கும். இசை வேளாளர் மரபில் வந்த நாகசுரக்காரர் புரவலர் முன் நின்றுகொண்டும் மேலாடையின்றியும் வாசிக்க வேண்டியிருந்த காலம் அது. அந்நிலையில் இச்செயல்கள் மனப்போக்கின் வெளிப்பாடுகள் அல்ல, உரிமைக் கோரிக்கைகள். அவற்றுக்குக் காரணம் இருந்தது. அவை முன்னறியத்தக்கனவும் ஆகும். மதிப்புக் குறைவு நேருமிடத்தில் அவர் எழுவார் என்பதை அழைத்தோர் அறிந்தே இருந்திருப்பர்.

இவற்றைக் குதிரை, கார், குடை, கோபம் என்னும் வேடிக்கை வரிசையில் சேர்க்கும்போது சமூக உள்ளடக்கம் கழன்றுவிடுகிறது. எஞ்சுவது முன்கோபம் மட்டுமே. அவரது தோடி இரவு முழுதும் பெருகிய கதைகள் வழங்கும் அதே வேளையில், அத்தோடியைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றது பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும் கிராமபோன் இசைத்தட்டு என்பதும் மறக்கப்படுகிறது. கடிகாரத்துக்குக் கட்டுப்படாதவர் எனப்பட்டவர் ஒலிப்பதிவுக் கூடத்தின் கடிகாரத்துக்குள் ஓர் இராகத்தை முழுமையாக நிறுத்திக்காட்டினார்.

கதை இல்லாதோர்

இக்கதைகளின் தலைவர் அனைவரும் ஆடவர் என்பது தற்செயலன்று. எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள், எம். எல். வசந்தகுமாரி ஆகியோரைப் பற்றிய நினைவுகளில் நேரந்தவறாமை, அடக்கம், ஆயத்தம் ஆகியன போற்றப்படுகின்றன. பெண் கலைஞர் ஒருவர் கச்சேரியைப் பாதியில் நிறுத்தி எழுந்திருப்பின் அது மேதைமையின் அடையாளமாக வாசிக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. சபாவுக்குள் நுழையவே போராட வேண்டியிருந்த தலைமுறைக்கு வாராமை என்னும் ஆடம்பரம் கிட்டவில்லை.

விலக்காகத் தோன்றுபவர் வீணை தனம்மாள் (1867–1938). சிற்றோசையையும் பொறாதவர் என நினைவுகூரப்படும் அவரது வெள்ளிக்கிழமை மாலை வாசிப்புக்கு, சென்னை ஜார்ஜ் டவுன் இல்லத்தில் இசையறிந்தோர் அமைதியோடு வந்து அமர்ந்தனர். அங்கு நியதியை வகுத்தவர் அவரே. வந்தோர் விருந்தினர், சீட்டு வாங்கியோர் அல்லர். எனவே அவரது கண்டிப்பு ஒப்பந்த மீறலாகாது, நுண்மையாகவே பதிவுபெற்றது. எனினும் அந்நுண்மையைப் போற்றுவோர் அவர் வறுமையில் வாழ்ந்ததை அடைமொழி போல ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றனர்.

கல்கி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி போன்ற உடன்கால விமரிசனங்களை இந்நினைவுகளோடு பொருத்திப் படிக்கும் பணி விரிவாக நிகழவேண்டும். கச்சேரி முடிந்த சில நாட்களில் எழுதியவர்க்குப் பாடப்பட்டது இன்னது என்பது கைக்கெட்டும் செய்தி. முப்பது ஆண்டு கழித்து எழுதுபவர்க்குத் தம் இளமையே கைக்கெட்டும் செய்தி. இரண்டும் மதிப்புடையன. ஆனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மேற்கோளாக இடுதல் ஆய்வேடுகளில் பெருகிவருகிறது.

மாலியின் கலையையும் அவரது நிலையின்மையையும் பிரிக்க இயலாது என்போர்க்கு விடை அவரது மாணவர் வரிசையிலேயே உள்ளது. என். ரமணி (1934–2015) குருவின் விரல்முறையையும் கமக வழியையும் பெற்று, நீண்ட குழலையும் கையாண்டு, பல பதிற்றாண்டுகள் உலகெங்கும் வாசித்தார். 1996இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அக்குழல் நுட்பம் அறிவித்த நேரத்தில், அறிவித்த மேடையில், மங்களம் வரை ஒலிக்கக்கூடியது என்பதை அவரது கச்சேரிகள் ஆண்டுதோறும் மெய்ப்பித்தன. அவரைக் கேட்டோர் பல்லாயிரவர். அவர்கள் ஒன்றுகூடினால் ஒப்பிட்டுப் பேசுவதற்கு வாராத மாலை எதுவுமில்லை. அவர் வாசித்த ஆரபியைப் பற்றியோ மோகனத்தைப் பற்றியோதான் பேசியாக வேண்டும்.