மேடைக்கு அஞ்சுகிற பாட்டுக்காரன்

தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை யமுனாவுக்காகவே பலரும் வாசிக்கிறார்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்தவள் மீது பாபுவுக்கு வந்த மோகம் என்று கதையைச் சுருக்கி முடித்துவிடுவார்கள். இம்முறை எனக்கு ரங்கண்ணாதான் மனசில் நின்றார். கச்சேரியையும் காசையும் பெரிதாக எண்ணாத கும்பகோணத்து மனுஷன். அவரிடம் படித்த பாபு, மேடை கூப்பிட்டும் தன் குரல் இன்னும் பக்குவப்படவில்லை என்று பின்வாங்குகிறான். கடைசியில் குரலைப் பழக்க மகாராஷ்டிரத்துக்கே புறப்படுகிறான்.

புகழ் வந்தபின் கெட்டுப்போகிற கலைஞனைப் பலர் எழுதிவிட்டார்கள். அது வருமுன்னே பயப்படுகிறவன் அபூர்வம். முகஸ்துதி என்று நாம் எதை அஞ்சுகிறோமோ, அதுதான் இவனுக்கும் அச்சம். கிராஅத் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். ஓதி முடித்ததும் அவர்களுடைய கண் முதலில் நடுவர் பக்கம்தான் போகும். அப்போதெல்லாம் பாபு ஞாபகத்துக்கு வருவான்.

ஆனால் தங்கம்மா விஷயத்தில் ஜானகிராமனோடு எனக்குச் சண்டைதான். கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட அந்த இளம்பெண் பாபுவைத் தேடி வந்தாள். அவன் விலகிப் போனதும் உயிரையே மாய்த்துக்கொண்டாள். நாவல் சற்று அழுதுவிட்டு யமுனாவிடம் திரும்பிவிடுகிறது. சுருதி சற்றுப் பிசகினாலும் துடிக்கிறவன் பாபு. அவளுடைய சாவு அவன் பாட்டில் எனக்கு எங்கேயும் கேட்கவில்லை.