ஒராங்கி: சந்து வரை சரி

ஏழைக் குடியிருப்புகளை அங்கே வசிப்பவர்களே மேம்படுத்த முடியும் என்று வாதிடுபவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஒராங்கி. கராச்சியின் வடமேற்கில், 1965 வாக்கில் தரகர்கள் அரசு நிலத்தைக் கூறுபோட்டு விற்றதில் உருவான பகுதி இது. 1971 போருக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து பிஹாரிகளும் வந்து சேர, பத்து லட்சம் பேர் வாழும் ஊராகப் பெருகியது. 1980இல் அங்கே ‘ஒராங்கி முன்னோடித் திட்ட’த்தைத் தொடங்கியவர் அக்தர் ஹமீது கான். வங்கப் பஞ்சத்துக்குப் பின் ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், கிழக்கு வங்கத்தின் கொமில்லாவில் கூட்டுறவு இயக்கம் வளர்த்தவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் புகழ் எதுவரை தகும்?

அன்று வாளிக் கழிப்பறையும் உறிஞ்சு குழியும்தான் வழி. மற்ற கழிவுநீர் சந்திலேயே ஓடியது. நகராட்சி வந்து இலவசமாகக் குழாய் போடும் என்று மக்கள் காத்திருந்தார்கள். கான் வேலையை இரண்டாகப் பிரித்தார். கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் துணைக் குழாய் ஆகியவை மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்துதான் அலகு. சந்துக்காரர்களே ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, தோண்டினார்கள். திட்டத்தார் பைசா தரவில்லை. வரைபடம், செலவு மதிப்பீடு, கருவிகள், மேன்ஹோல் வார்க்க இரும்பு அச்சு ஆகியவற்றைத் தந்தார்கள். தொடக்கத்தில் கலவை சேராமலும் சரியாக நீராற்றாமலும் கான்கிரீட் கெட்டது. அதன் பிறகு அதையும் கற்றுக்கொடுத்தார்கள். கழிப்பறைக்கும் குழாய்க்கும் நடுவே சிறு தொட்டி ஒன்று வைத்து, திடக்கழிவு அங்கேயே தங்கும்படி செய்தார்கள். ஆகவே சிறிய குழாயே போதுமானது.

பலன் கண்கூடு. ஒப்பந்தக்காரர் லாபம் ஒழிந்ததால், எண்பதுகளில் கழிப்பறை உட்பட ஒரு வீட்டுக்கு 100 டாலருக்கும் குறைவாகவே செலவானது. காலப்போக்கில் ஒராங்கியின் மிகப் பெரும்பாலான சந்துகளுக்குக் குழாய் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கடனோ அரசு மானியமோ இல்லாமல், தெற்காசியாவில் இவ்வளவு பெரிய அளவில் நடந்த வேலை அரிது.

முதல் ஆட்சேபம் நியாயம் பற்றியது. வசதியான பேட்டைகளில் தெருக் குழாய்க்காக யாரும் மண்வெட்டி எடுத்ததில்லை. ஏழை மட்டும் ஏன் தன் காசில் தோண்ட வேண்டும்? கானின் பதில் நடைமுறை சார்ந்தது: காத்திருப்பதற்கும் ஏழை விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், நோயாகவும் மருந்துச் செலவாகவும். இந்தப் பதிலை ஒதுக்க முடியாது. ஆனால் இது அவசரத்துக்கான பதில், உரிமைக்கானதல்ல. மக்களின் உழைப்பைக் காட்டி அரசு தன் செலவைக் குறைத்துக்கொண்டால், அதே பதில் அரசுக்குச் சாக்காகிவிடும்.

இரண்டாவது, இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒராங்கி மக்களுக்குப் பட்டா உறுதி இல்லாவிட்டாலும் வீடு தங்களுடையது, விரட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத வாடகைக்காரரும் நடைபாதைவாசியும் குழாய்க்குப் பணம் போட மாட்டார்கள். ஆக, வறியவர்களிலும் வறியவர்களை இந்த முறை தொடுவதில்லை.

மூன்றாவதுதான் கனமானது. சந்து கூடினால் குழாய் போடலாம்; நிலம், தண்ணீர், துப்பாக்கி மூன்றும் சந்துக்கு வெளியே இருக்கின்றன. சந்துக் குழாய்கள் கொண்டுவந்த கழிவு, மழைநீர் ஓடைகள் வழியே பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே கடலுக்குப் போனது. குடிநீருக்கு ஒராங்கி இன்னும் டேங்கர் லாரியை எதிர்பார்க்கிறது. தண்ணீர்த் திருட்டையும் நில ஆக்கிரமிப்பையும் ஆவணப்படுத்திய திட்ட இயக்குநர் பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் குஜ்ஜர், ஒராங்கி ஓடைகளை அகலப்படுத்துவதாகச் சொல்லி, கரையோர வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. நாற்பதாண்டுகளாகத் தன் பங்கை முழுதாகச் செய்யாத அரசு, அந்த ஓடைகளுக்குப் புல்டோசரோடு வந்தது.

இதற்குத் திட்டத்தைப் பழிப்பது முறையல்ல. ஓடைகளை அளந்து வரைபடமாக்கி, பெருங்குழாய் போடச் சொல்லி அரசை விடாமல் நெருக்கியவர்கள் அவர்களே. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கராச்சியின் இன்னொரு பகுதியான கோரங்கியில் வரவிருந்த கழிவுநீர்ப் பெருந்திட்டம் 1999இல் கைவிடப்பட்டதற்கும் அவர்கள் முன்வைத்த மலிவான மாற்றுதான் காரணம். தவறு, ஒராங்கியை மேற்கோள் காட்டுபவர்களுடையது. ‘மக்களே செய்துகொண்டார்கள்’ என்ற பாதியை எடுத்துக்கொண்டு, ‘மீதி அரசின் கடமை’ என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: கழிவுநீர் வசதிக்கான முறையாக ஒராங்கி முதல்தரம், மக்களை அமைப்பாக்குவதிலும் அப்படியே. வறுமைக்கு மருந்தாக அது பாதிதான். பின்பற்ற விரும்பும் எந்த நகருக்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலில் குடியிருப்பவரின் நிலத்துக்கு உறுதி வேண்டும். பிறகு ஓடைக்கும் பெருங்குழாய்க்கும் யார் பொறுப்பு, எந்தப் பணத்தில், எந்தத் தேதிக்குள் என்று அரசிடம் எழுதி வாங்க வேண்டும். இவை இல்லாமல் மக்கள் கையில் மண்வெட்டியைக் கொடுக்கும் திட்டம், எந்தப் பெயரில் வந்தாலும், அரசின் செலவு மிச்சம் மட்டுமே.