திண்டுக்கல் ஆய்வும் அடியில் இருக்கும் ஒரு வரிசை செல்லும்

2007ல் லான்செட் இதழில் நம்ம திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான ஒரு அமிலத்தைத் தடவி, வெறும் கண்ணால் பார்த்து, புற்றுநோய்க்கு முந்தைய நிலையைக் கண்டுபிடிக்க முடியுமா, அதனால சாவு குறையுமா என்பதுதான் கேள்வி. முதல் ஆசிரியர் சங்கரநாராயணன், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்தவர். களப்பணி நடந்தது ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையில் இருக்கிற கிறிஸ்தவ சமுதாய நல மையம் மூலமாக.

இந்தக் கட்டுரையை எல்லாரும் ஒரே வரியில் மேற்கோள் காட்டுவாங்க: "வினிகர் பரிசோதனை சாவை 35 விழுக்காடு குறைத்தது." அந்த வரி தப்பு இல்லை. ஆனால் அது ஏன் வேலை செய்தது, எங்கே வேலை செய்யாது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

முதலில் எண்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். 114 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளுக்கு மட்டும் பரிசோதனை. பரிசோதனைக் குழுவில் 49,311 பேர், மற்ற குழுவில் 30,958 பேர். முதல் குழுவில் 167 பேருக்குப் புற்றுநோய், 83 சாவு. இரண்டாவதில் 158 பேருக்குப் புற்றுநோய், 92 சாவு. குழுக்களின் அளவு வேறு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. கட்டுரையிலேயே நபர்-ஆண்டுக் கணக்கு இருக்கு: 2,74,430, 1,78,781. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு லட்சத்துக்கு 30 சாவு ஒரு பக்கம், 51 இன்னொரு பக்கம். அதாவது 41 விழுக்காடு குறைவு. ஆனால் ஆசிரியர்கள் 35 என்றுதான் சொல்கிறார்கள். வயது முதலானவற்றைச் சரிக்கட்டின பிறகு வந்த எண் அது. கவர்ச்சியான எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எண்ணை முன்னால் வைத்திருக்காங்க. இந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

இன்னொன்று. பரிசோதனைக் குழுவில் உண்மையில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். மீதி 17,968 பேர் வரவே இல்லை. முந்தைய நிலை இருப்பதாகத் தெரிந்த 1,874 பேரில் 72 விழுக்காட்டினர்தான் சிகிச்சை எடுத்தார்கள். 500 பேருக்கு மேல் எடுக்கலை. இத்தனை ஓட்டையோடும் 35 விழுக்காடு என்றால், கண்ணால் பார்ப்பது அவ்வளவு வலுவான முறையா? இதுக்குப் பதில் புள்ளியியலில் இல்லை. திசுவின் அடியில் இருக்கும் செல்களில் இருக்கு.

நம்ம தோல், வாயின் உள்பக்கம், உணவுக்குழாய், கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கம், எல்லாமே அடுக்கடுக்கான எபிதீலியத் திசு. அதன் அடியில், அடிச்சவ்வின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரே வரிசைக்குப் பேசல் செல்கள் என்று பெயர். தொடர்ந்து புதிய செல்களைப் பெற்றுக் கொடுப்பது இந்த வரிசைதான். ஒரு செல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கீழேயே தங்கும், இன்னொன்று மேலே கிளம்பும். மேலே போகப் போகத் தட்டையாகி, உட்கரு சுருங்கி, கடைசியில் உதிர்ந்துவிடும். மேல் செல்லுக்கு வாழ்நாள் குறைவு, அதனால் அங்கே என்ன கெட்டாலும் சீக்கிரம் கழன்றுபோகும். அடியில் கெட்டால் அப்படி இல்லை, கெட்டதே மேலும் மேலும் நகல் எடுக்கப்படும். எங்க தொழிலில் சர்வரில் ரூட் கணக்கு யார் கையில் என்று கேட்பது போலத்தான் இதுவும்.

எச்.பி.வி. வைரஸுக்கு இது தெரிந்த மாதிரியே நடந்துகொள்ளும். மேல் அடுக்கில் ஒட்டி அதற்குப் பயன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சிராய்ப்பு வழியாக அடிச்சவ்வு வெளியே தெரியும்போது அதில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து பேசல் செல்லுக்குள் நுழையும். உள்ளே போய்ச் செல்லை வெடிக்க வைக்காது, இரத்தத்தில் கலந்து சுற்றாது, காய்ச்சல் வராது. குறைந்த எண்ணிக்கையில் அமைதியாக இருக்கும். அந்தச் செல்லின் பிள்ளைகள் மேலே ஏறும்போதுதான் தன்னைப் பெருக்கிக்கொண்டு, உதிரும் செல்லோடு சேர்ந்து வெளியே போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே இதை அடக்கிவிடும். மீதிப் பேரில் சிலருக்கு வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள், பி53, ஆர்பி என்ற செல்லின் இரண்டு காவலாளிகளையும் செயலிழக்க வைக்கும். அப்போது மேலே ஏறும் செல் முதிர்வதை நிறுத்திவிட்டு, பேசல் செல் போலவே பெரிய உட்கருவோடு பிரிந்துகொண்டே போகும். திசுவின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இப்படி ஆனால் முதல் நிலை, மூன்றில் இரண்டு பங்கு இரண்டாம் நிலை, அதற்கும் மேலே முழுக்க ஆனால் மூன்றாம் நிலை.

இப்போ அம்பிளிக்கைக்கு வருவோம். செவிலியர் தடவிய 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம், உட்கருப் புரதம் நிறைந்த செல்களைத் தற்காலிகமாக வெள்ளையாக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் வெண்திட்டாகத் தெரியும். அடியில் இருக்க வேண்டிய சாயல் மேலே வந்துவிட்டதைத்தான் அந்தச் செவிலியர் பார்க்கிறார். ஆயிரம் மைல் தள்ளி லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். வெண்திட்டு தெரிந்த 3,088 பேரில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பியிருந்தால் இந்த எண் வந்திருக்குமா? திண்டுக்கல் ஆய்வின் உண்மையான சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான், அமிலத்தை அல்ல.

ஆனால் இதே காரணத்தால் முறைக்கு எல்லையும் இருக்கு. ஒரு வகை செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டிருக்கும் சாதாரண இடமும், அழற்சியும்கூட வெள்ளையாகும். வயதும் விளையாடும். கர்ப்பப்பை வாயில் அடுக்குத் திசுவும் ஒற்றை வரிசைத் திசுவும் சந்திக்கும் எல்லைக்கோடு ஒன்று உண்டு. அதைச் சுற்றித்தான் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும். மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் கோடு உள்ளே, கால்வாய்க்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. கட்டுரையில் 30–39 வயதுப் பெண்களில்தான் பலன் மிக அதிகம்: சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கு. மொத்தமாக "35 விழுக்காடு" என்று எழுதும்போது இந்த வயது விஷயம் மறைந்துபோகிறது. 55 வயது அம்மாவிடம் "வெள்ளை எதுவும் இல்லை, போய்ட்டு வாங்க" என்று சொல்வதும், 35 வயதுப் பெண்ணிடம் அதையே சொல்வதும் ஒன்றல்ல.

2009ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த உஸ்மானாபாத் ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் படிக்கணும். மகாராஷ்டிரம், 1,31,746 பெண்கள், நான்கு குழுக்கள். ஒரே ஒரு முறை எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை செய்த குழுவில் 34 சாவு, எதுவும் செய்யாத குழுவில் 64. கண்ணால் பார்த்த குழுவிலோ குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அதே முறை, அதே மாதிரி கிராமப் பெண்கள், அங்கேயும் சங்கரநாராயணன்தான் முதல் ஆசிரியர். என் வாசிப்பு: டி.என்.ஏ. பரிசோதனை, அடியில் வைரஸ் குடியேறியிருக்கா என்று கேட்கிறது. அமிலம், திசு ஏற்கெனவே மாறிவிட்டதா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பார்ப்பவரின் கண்ணும் பயிற்சியும் பதிலை மாற்றும். திண்டுக்கல்லில் பயிற்சியும் மேற்பார்வையும் ஆய்வுத் தரத்தில் இருந்தது. அதை ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

அடுத்தது கசப்பான பகுதி. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் மூன்று ஆய்வுகளையும் சேர்த்தால் பரிசோதனை செய்யப்படாத பெண்கள் 1,38,624 பேர், அவர்களில் குறைந்தது 254 சாவு என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் 2014ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். எதிர்வாதம் என்ன? அப்போது கிராமங்களில் எந்தப் பரிசோதனைத் திட்டமும் இல்லை, ஆகவே இருந்ததை யாரும் பறிக்கவில்லை. இதில் பாதி உண்மை இருக்கு. கண்ணால் பார்ப்பது பலிக்குமா என்பது அன்று உண்மையிலேயே தெரியாது, உஸ்மானாபாத் முடிவே அதற்குச் சாட்சி. ஆனால் முந்தைய நிலையைக் கண்டுபிடித்து அகற்றினால் புற்றுநோய் வராது என்பது பாப்பனிகோலாவின் 1943 நூலுக்குப் பிறகு வந்த பல பத்தாண்டு அனுபவம். பாப் பரிசோதனையை ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்து, "செலவு குறைந்த முறை அதற்கு ஈடாகுமா" என்று கேட்டிருக்கலாம். செலவு கூடும், காலம் கூடும், பதில் கொஞ்சம் மங்கலாக வரும். அந்த மங்கலை ஏற்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பணக்கார நாடு ஒன்றில் இந்த வடிவமைப்புக்கு எந்த அறக்குழுவும் கையெழுத்துப் போட்டிருக்காது. இங்கே "இல்லாத ஊர்" என்பதே அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது.

தடுப்பூசியின் கதையும் இதே மாதிரிதான். 2009ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி மாணவிகளுக்கு எச்.பி.வி. ஊசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டது வெளியே வந்தது. சில மாணவிகளின் மரணத்துக்கு ஊசி காரணம் அல்ல என்று விசாரணை சொன்னது, ஆனால் நம்பிக்கை போய்விட்டது. 2010 ஏப்ரலில் அரசு நிறுத்தியபோது, சம்பந்தமே இல்லாத இன்னொரு ஆய்வும் பாதியில் நின்றது. அதில் அம்பிளிக்கையும் ஒரு மையம். இரண்டு, மூன்று ஊசி போட வேண்டிய பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் ஒரே ஊசி 95.4 விழுக்காடு காக்கிறது என்று 2021ல் தெரிந்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசி போதும் என்ற தெரிவை ஏற்றுக்கொண்டதற்கு இந்தியாவின் இந்த விபத்து பெரிய காரணம்.

ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் பேசல் செல்தான் விளக்கம். ஊசி உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், சிராய்ப்பு வழியாகக் கசிந்து வந்து, அடிச்சவ்வில் வைரஸ் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடிக்கும். செல்லுக்குள் போய்விட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் சின்ன வயசிலேயே போடணும். இதை "ஒழுக்கம்" பற்றிய கேள்வியாகப் பார்க்கும் பெற்றோரிடம் யாராவது இந்த ஒரு பத்தியைச் சொல்லியிருந்தால் பாதி சண்டை வந்திருக்காது. எங்க தர்மபுரிப் பக்கம் இளவயதுத் திருமணம் இன்னும் பழங்கதை ஆகவில்லை. அந்த வயதில்தான் எல்லைக்கோட்டுச் செல்கள் மும்முரமாக மாறிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல விஷயம். அவர்களுடைய அம்மாக்களுக்கு அது உதவாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30–49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007ல் அரசு முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்த திட்டத்துக்குப் பிறகும் பத்தில் ஒருவர்தான். பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு பெண் பரிசோதனைக்கு வந்தால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இப்போது டி.என்.ஏ. பரிசோதனையா அமிலமா என்பது. மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கும் வசதி டி.என்.ஏ. முறையில் இருக்கு. செவிலியர் முன்னால் படுக்கத் தயங்கி வராமல் போனவர்களும் அந்த 17,968 பேரில் இருந்திருப்பார்கள்.