மியூசிக் அல்காரிதம்: ஊசி முனையை எவ்வளவு நம்பலாம்?

ரால்ஃப் ஷ்மிட் 1979-ல் முன்வைத்து, 1986-ல் ஐ.இ.இ.இ. ஆய்விதழில் வெளியான மியூசிக் கட்டுரையை மறுபடி படித்தேன். (பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பெயர்ச் சுருக்கம்தான்.) ஒரு ரேடியோ அலை பல ஆன்டெனாக்களுக்குச் சற்று முன்பின்னாக வந்து சேரும். அந்த ஃபேஸ் வித்தியாசத்தை வைத்து டிரான்ஸ்மிட்டர் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கும் முறை இது.

கணிதம் அழகு, அதில் சந்தேகமே இல்லை. வந்த சிக்னலிலிருந்து நாய்ஸுக்கு மட்டும் உரிய பகுதியைப் பிரித்து, அதற்குச் செங்குத்தாக இருக்கும் திசைகளைத் தேடுகிறார். செங்குத்தாக இருந்தால் பெருக்கல் கிட்டத்தட்ட பூஜ்யம். அதைக் கீழே போட்டு வகுத்தால் வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை எழும்புகிறது. ஆக, அதன் உயரம் சிக்னலின் பலம் இல்லை, வகுத்தலின் விளைவு.

என் புகார் ஷ்மிட் மேல் இல்லை, அவரை விளக்குகிறவர்கள் மேல். முக்கால்வாசிப் பாடங்கள் அந்த ஊசியைக் காட்டி ‘எவ்வளவு துல்லியம் பாருங்க’ என்று முடித்துவிடுகின்றன. ஒவ்வொரு திசைக்கும் ஆன்டெனா வரிசை எப்படிப் பதில் தரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கணும். முறையே அதன் மேல்தான் நிற்கிறது. அந்தப் பக்கத்தை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 433 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 69 செ.மீ. இரண்டு ஆன்டெனாக்களை அரை அலைநீள இடைவெளியில் வைக்கிறோம். சாதாரண கோஆக்ஸ் கேபிளில் ஒன்று ஒன்றேகால் செ.மீ. நீளமாகிவிட்டால் ஃபேஸ் 10 டிகிரி தவறும். நேரெதிரே இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் திசை 3 டிகிரி நகர்ந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது 55 மீட்டர். ஊசி மட்டும் கொஞ்சமும் மழுங்காது! இரண்டே ஆன்டெனா என்றால் கேபிள் பிழையையும் திசையையும் பிரித்தறிய வழியே இல்லை.

பிரதிபலிப்பு இன்னும் மோசம். சுவரில் பட்டு வருவது அதே சிக்னலின் நகல். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நம்பி இயங்கும் முறை இங்கே குழம்பி, இரண்டுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தைக்கூடக் காட்டும். மொட்டைமாடியில் ஐந்து ஆன்டெனாவோடு சோதித்தபோது எனக்குக் காட்டியது பக்கத்துக் கட்டடத்தின் வெறும் மூலையை. நான் தேடியது விளையாட்டுக்கு வைத்த டிரான்ஸ்மிட்டர். மலையில் அபாய பீக்கனைத் தேடிப் போகிறவருக்கு அது இழந்த ஒரு மணி நேரம்.

இப்போதெல்லாம் முதலில் தெரிந்த திசையில் ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறேன். பிறகு ஆன்டெனா வரிசையைச் சில மீட்டர் நகர்த்தி மறுபடி அளக்கிறேன். தூரத்தில் இருக்கும் நிஜத் திசை அநேகமாக அசையாது. பிரதிபலிப்பில் பிறந்த ஊசி குதிக்கும்.